ஓய்வுபெறும் தம்பதிக்கு: தனித்து நிற்கப்போகிறவரின் கணக்கை முதலில் போடுங்கள்

ஓர் ஆலையின் டைம் ஆபீஸில் பல வருடம் உட்கார்ந்து மற்றவர்களுக்குப் பென்ஷன் படிவம் நிரப்பிக்கொடுத்தவன் நான். 58 வயது நெருங்கும் ஆள் எதிரில் வந்து அமர்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எனக்கு எவ்வளவு வரும்?" என்பதுதான். "உங்களுக்குப் பிறகு வீட்டம்மாவுக்கு எவ்வளவு வரும்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலருக்கு அபசகுனமாகப் படும். பதில் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நம் வீடுகளில் பெரும்பாலும் மனைவி கணவரைவிட நான்கைந்து வயது இளையவர். அவர் தனியாகக் கழிக்கப்போகும் வருடங்களுக்குப் பணமும் மருத்துவமும் எங்கிருந்து வரும் என்று முதலில் எழுதிப் பாருங்கள். இருவரும் சேர்ந்திருக்கும் காலத்துக்கான திட்டம் அதிலேயே அடங்கிவிடும். நான் எழுதுவது தனியார் நிறுவனங்களில் பி.எஃப். பிடித்தத்துடன் வேலை செய்தவர்களுக்கு. அரசு ஊழியர்களின் விதிகள் வேறு. வேலைக்குப் போனவர் மனைவி என்றால், கீழே கணவர் என்று வரும் இடத்தில் மனைவி என்று வைத்துப் படியுங்கள். பென்ஷன் விதிகள் இருவருக்கும் ஒன்றுதான்.

முதல் படி: பென்ஷனை நீங்களே கணக்கிடுங்கள்

பி.எஃப். உடன் வரும் பென்ஷனுக்குப் பெயர் தொழிலாளர் பென்ஷன் திட்டம் 1995. அந்த வருடம் நவம்பர் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. குறைந்தது 10 ஆண்டு சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. பென்ஷனுக்குரிய சம்பளத்தை, அதாவது உச்சவரம்புக்கு உட்பட்ட கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தை, சேவை ஆண்டுகளால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். 20 ஆண்டு சேவை முடித்தவர்களுக்கு 2 ஆண்டு கூடுதலாகச் சேரும்.

இந்தச் சூத்திரம் எல்லோருக்கும் தெரியும். ஏமாறுவதும் இதில்தான். 30 ஆண்டு சேவை, சம்பள உச்சவரம்பு 15,000 என்று வைத்து, 15,000ஐ 32ஆல் பெருக்கி 70ஆல் வகுத்து, 6,857 ரூபாய் வரும் என்று சந்தோஷமாக இருப்பார்கள். ஆனால் 15,000 என்ற உச்சவரம்பு 2014 செப்டம்பர் 1 முதல்தான் வந்தது. அதற்கு முந்தைய சேவைக்கு 6,500தான் கணக்கு.

1996 செப்டம்பர் 1 அன்று வேலைக்குச் சேர்ந்து, 2026 ஆகஸ்ட் 31 அன்று 58 முடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் 18 ஆண்டுக்கு 6,500 என்ற வரம்பில் 1,671 ரூபாய் வருகிறது. அடுத்த 12 ஆண்டுக்கு 15,000 என்ற வரம்பில் 2,571 ரூபாய். கூட்டினால் 4,242. கூடுதல் 2 ஆண்டையும் விகிதப்படி சேர்த்தால் சுமார் 4,500. நினைத்திருந்த 6,857இல் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது.

அவர் காலமானால் மனைவிக்கு இதில் பாதி, அதாவது 2,250 ரூபாய். 25 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால் இருவர் வரை ஆளுக்கு மனைவியின் தொகையில் 25 சதவீதம் தனியாகக் கிடைக்கும். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டில் அந்த 2,250தான் எல்லாம். இந்த எண்ணை ஒரு தாளில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். இனிச் செய்யும் ஒவ்வொரு வேலையும் இதன் பக்கத்தில் இன்னொரு தொகையைச் சேர்ப்பதற்காகத்தான்.

அதிக ஊதியத்தின் மீது பென்ஷன் கேட்டு விருப்பம் கொடுத்து, அது ஏற்கப்பட்டவர்களுக்குக் கணக்கு வேறு. மற்ற எல்லோரும் பி.எஃப். பாஸ்புக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். பென்ஷன் பங்கு என்ற கடைசிக் கட்டத்தில் உச்சவரம்பில் இருந்தவர்களுக்கு 2001 ஜூன் முதல் 2014 ஆகஸ்ட் வரை மாதம் 541 ரூபாயும், பிறகு 1,250 ரூபாயும் ஏறியிருக்க வேண்டும். நடுவில் சில மாதங்கள் வெற்றாக இருந்தால் இப்போதே நிறுவனத்திடம் கேளுங்கள். முன்பு வேலை செய்த இடத்தில் பென்ஷன் பணத்தை 10சி படிவம் போட்டு எடுத்திருந்தால், அந்தச் சேவை திரும்பி வராது. அவசரத்துக்கு எடுத்த சில ஆயிரம், வாழ்நாள் பென்ஷனில் பல வருடத்தைத் தின்றுவிட்டிருப்பதைப் பலர் என் மேசையில் வைத்துத்தான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள்.

50 வயதிலிருந்தே குறைந்த பென்ஷன் வாங்கிக்கொள்ள வழி உண்டு. 58க்கு எத்தனை வருடம் முன்னால் வாங்குகிறோமோ, ஒவ்வொன்றுக்கும் 4 சதவீதம் வெட்டு. கையில் வேறு வழி இருக்கும்வரை வேண்டாம் என்பதே என் கருத்து. மாறாக, 60 வயது வரை தள்ளிப்போட்டால் வருடத்துக்கு 4 சதவீதம் கூடும்.

54 வயதில்: மருத்துவக் காப்பீடு

பென்ஷனைவிட இதற்குத்தான் அவசரம். நிறுவனம் எடுத்துக்கொடுத்த குழுக் காப்பீடு, கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். மறுநாள் புதுப் பாலிசிக்குப் போனால், சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் போடுவார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 ஏப்ரலில் அதன் உச்சத்தை 3 ஆண்டாகக் குறைத்தது. கண்புரை, குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற சிகிச்சைகளுக்கும் பெரும்பாலான பாலிசிகளில் தனிக் காத்திருப்பு உண்டு. 58 வயதில் எடுத்தால் 61 வரை வெறுங்கையுடன் நிற்க நேரலாம்.

ஆகவே, நிறுவனக் காப்பீடு நடப்பில் இருக்கும்போதே, 54 வயது வாக்கில், கணவன் மனைவி இருவருக்கும் சொந்தப் பாலிசி எடுங்கள். காத்திருப்புக் காலம் நிறுவனக் காப்பீட்டின் நிழலிலேயே கழிந்துவிடும். இரண்டு பிரீமியம் கட்டுவது வீண் என்று தோன்றும். நானும் அப்படித் தோன்றியே இரண்டு வருடம் தள்ளிப்போட்டேன். பிறகு என் மனைவிக்கு வந்த மூட்டு அறுவைச் சிகிச்சைக்குக் கைக்காசு போட்டேன்.

54ஐத் தாண்டிவிட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. வேலையை விடுவதற்கு முன்பே, குழுக் காப்பீடு தரும் அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேளுங்கள். குழுவில் கழித்த காத்திருப்பு வருடங்கள் கணக்கில் சேரும். இதைத் தானாக யாரும் சொல்லமாட்டார்கள். கடைசி நாளுக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கேட்க வேண்டும். 65 வயதுக்கு மேல் புதுப் பாலிசியே கிடையாது என்ற பழைய தடையும் இப்போது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை.

பாலிசியை வாங்கும்போது ஏஜென்ட் காட்டும் பெரிய எழுத்தை விட்டுவிட்டு, அறை வாடகை வரம்பைத் தேடுங்கள். நாளுக்கு 5,000 ரூபாய் வரம்புள்ள பாலிசியை வைத்துக்கொண்டு 8,000 ரூபாய் அறையில் படுத்தால், வித்தியாசம் 3,000தானே என்று நினைப்போம். அப்படி இல்லை. மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் எல்லாமே எட்டில் ஐந்து பங்காகச் சுருங்கும். அந்த வகையில் 2 லட்சம் ரூபாய் பில் என்றால் கிடைப்பது 1,25,000. மருந்துக்கும் உடலில் பொருத்தும் கருவிகளுக்கும் இந்த வெட்டு கிடையாது. 'ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் நீங்கள்' என்ற நிபந்தனையும் மூத்த குடிமக்கள் பாலிசிகளில் சாதாரணம். அதையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இருவருக்கும் சேர்த்து ஒரே பாலிசியா, தனித்தனியா? சேர்த்து எடுத்தால் மூத்தவரின் வயதை வைத்து பிரீமியம் போடுவார்கள். ஒருவர் நோயாளியாகிவிட்டால் மொத்தத் தொகையும் அவருக்கே போய்விடும். வயது வித்தியாசம் அதிகம் என்றாலோ, ஒருவருக்கு மட்டும் நாள்பட்ட நோய் என்றாலோ, தனித்தனியே நல்லது. ஒன்றாகத்தான் எடுக்கிறீர்கள் என்றால், கணவர் போனபின் மனைவி தன் பெயரில் அதைத் தொடர முடியும் என்பதை இப்போதே அவருக்குச் சொல்லிவையுங்கள். புதுப்பிக்கும் தேதி தெரியாமல் பாலிசி காலாவதியான வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குறுஞ்செய்தி போனதெல்லாம் இறந்தவரின் கைப்பேசிக்கு.

பிரீமியம் கட்ட முடியாதவர்களுக்கு

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தவர்கள் முதலில் கேட்க வேண்டியது அங்கேதான். குறைந்தது 5 ஆண்டு காப்பீட்டில் இருந்து, வயது முதிர்வில் ஓய்வுபெற்றவர்கள், வருடத்துக்கு 120 ரூபாய் கட்டினால் தனக்கும் துணைக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். ஆம், நூற்று இருபதுதான். மாதத்துக்குப் பத்து ரூபாய். ஓய்வுபெற்றதற்கான நிறுவனக் கடிதத்துடன் கிளை அலுவலகத்துக்குப் போய், ஒரு வருடத் தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும். கணவர் காலமானாலும் மனைவி அதே தொகையைக் கட்டித் தொடர முடியும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பி, "வேலை போனால் இ.எஸ்.ஐ.யும் போச்சு" என்று அட்டையைப் பரணில் போட்டவர்கள் ஏராளம்.

அடுத்தது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை சிகிச்சை. நம் உதாரணத்துப் பென்ஷன் வருடத்துக்கு 54,000தான். சேமிப்பு வட்டி குறைவாக இருந்தால் வரம்புக்குள் வந்துவிடுவீர்கள். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்துக்கு இருவரும் போக வேண்டும். சம்பளம் வாங்கிய காலத்தில் வரம்புக்கு மேலே இருந்ததால், ஓய்வுக்குப் பிறகும் நமக்கில்லை என்றே பலர் இருந்துவிடுகிறார்கள்.

70 வயது நிறைந்தவர்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் 5 லட்சம் வரை தரும் ஒன்றிய அரசின் வய வந்தனா அட்டை, 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. ஆதாரில் உள்ள வயதே போதும். தனியார் காப்பீடு, இ.எஸ்.ஐ. இருந்தாலும் வாங்கலாம். தம்பதிகள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கணவருக்கு 71, மனைவிக்கு 66 என்றால் அட்டை கணவருக்கு மட்டும். இருவருக்கும் 70 ஆனாலும் ஆளுக்கு 5 லட்சம் அல்ல, இருவருக்கும் சேர்த்து ஒரே 5 லட்சம். ஆதாரில் பிறந்த தேதி தவறாக இருந்தால் 69 வயதிலேயே திருத்துங்கள்.

இ.எஸ்.ஐ.யைத் தவிர மற்றவை எல்லாம் மருத்துவமனையில் படுத்தால்தான். மாதாமாதம் விழுங்கும் மாத்திரைக்கு அவை பெரும்பாலும் வராது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வீட்டுக்கே கொண்டுவருகிறது. ஊர் சுகாதாரச் செவிலியரிடம் இருவர் பெயரையும் பதியுங்கள். வெளியில் வாங்குவதானால் முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

56, 57 வயதில்: இன்ஷியல் என்னும் பூதம்

என் மேசைக்கு வந்த கோப்புகளில் பணத்தால் தேங்கியவை குறைவு. பெயரால் தேங்கியவையே அதிகம். மனைவி பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இன்ஷியலுடன் இருப்பார். குடும்ப அட்டையில் கணவரின் இன்ஷியல். ஆதாரில் இன்ஷியலே இல்லை. வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். பி.எஃப். பதிவில் யாரோ ஓர் எழுத்தர் முப்பது வருடம் முன்பு ஆங்கிலத்தில் எழுதியபோது விழுங்கிய ஓர் எழுத்து வேறு. ஐந்து தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஐந்து பெண்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருவரும் உட்கார்ந்து, ஆதார், பான், வங்கி, பி.எஃப். நான்கிலும் பெயர், பிறந்த தேதி இரண்டையும் ஒப்பிடுங்கள். ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துவது எளிது. பி.எஃப். பதிவுத் திருத்தத்துக்குப் பெரும்பாலும் நிறுவனமும் ஊழியரும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுக்க வேண்டும். நிறுவனம் நடக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். மூடிய ஆலையில் யாரைப் போய்க் கையெழுத்துக் கேட்பது?

தமிழ்நாட்டில் 2009 நவம்பருக்குப் பின் நடந்த திருமணங்களுக்குப் பதிவு கட்டாயம். அதற்கு முன் மணந்தவர்கள் பலரிடம் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகை மட்டுமே இருக்கும். பத்திரப் பதிவு அலுவலகத்தில் இப்போதும் பதியலாம். அறுபதாம் கல்யாணத்துக்குச் செலவழிப்பதில் நூறில் ஒரு பங்கு இதற்கு ஆகாது.

அதே வேகத்தில் நாமினி. கல்யாணத்துக்கு முன்பு அம்மா பெயரைப் போட்டிருந்தால், திருமணமானதும் அந்த பி.எஃப். நியமனம் செல்லாததாகிவிடும். யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். எண்ணின் இணையக் கணக்குக்குள் போய், மின் நியமனத்தில் மனைவியின் ஆதாரும் புகைப்படமும் ஏற்றிப் புதிதாகப் பதியுங்கள். பணிக்கொடைக்கு (கிராஜுவிட்டி) நிறுவனத்தில் தனி நாமினி படிவம் உண்டு. அதை மறப்பவர்களே அதிகம். மனைவியின் பென்ஷன் மட்டும் நாமினியை நம்பி இல்லை. அது குடும்பத்தினர் என்ற உரிமையில் வருவது.

கடைசி ஆறு மாதம்: படிவம் 10டி

பென்ஷன் விண்ணப்பம் இதுதான். கணவனும் மனைவியும் சேர்ந்து எடுத்த புகைப்படம் கேட்பார்கள். பழைய கல்யாணப் படத்தை வெட்டி ஒட்டிக் கொண்டுவந்தவரும் உண்டு. ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக எடுத்துவிடுங்கள். வந்து சேரும் பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். பின்னாளில் அவர் தனியாக நீட்டப்போகும் தாள் அது. 2025 ஜனவரி முதல் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் இந்தப் பென்ஷனை வாங்கலாம். மகன் ஊருக்குக் குடிபெயர்ந்தாலும் அலைச்சல் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை உயிர்வாழ்வுச் சான்று தர வேண்டும். இந்தப் பென்ஷனுக்கு நவம்பர்தான் என்ற கட்டாயம் இல்லை. கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடம் செல்லும். கைப்பேசியில் முகத்தைக் காட்டியே கொடுக்கலாம். நடக்க முடியாதவர்கள் சொன்னால் தபால்காரர் வீட்டுக்கு வருவார்.

கைக்கு வரும் மொத்தத் தொகை

பணிக்கொடைக் கணக்கு எளிது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 24,000 என்றால், அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 30 ஆண்டால் பெருக்குங்கள். 4,15,385 ரூபாய். இத்துடன் பி.எஃப். தொகையும் வரும். இந்த வாரம் பார்த்து, உங்களை மறந்துபோன சொந்தக்காரர்களும் வருவார்கள்.

அதில் பெரும்பகுதியை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவது என் விருப்பம். 60 வயது வேண்டும். ஆனால் 55 முடிந்து ஓய்வுபெற்றவர்கள், பணம் கைக்கு வந்த 3 மாதத்துக்குள் அந்தத் தொகைக்குள் போடலாம். 58இல் ஓய்வுபெறுகிறவர்கள் இந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் 60 வரை காத்திருக்க வேண்டியதுதான். உச்சவரம்பு ஒருவருக்கு 30 லட்சம். 2023 ஏப்ரலில் வட்டி 8.2 சதவீதம் ஆனது. காலாண்டுக்கு ஒருமுறை அரசு விகிதத்தை அறிவித்தாலும், நீங்கள் போட்ட நாளின் விகிதமே ஐந்தாண்டுக்கும் நிற்கும். 8.2 சதவீதத்தில் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய், அதாவது மாதத்துக்கு 10,250.

இதில் கூட்டுக் கணக்கை வாழ்க்கைத் துணையுடன் மட்டுமே தொடங்க முடியும். மகனைச் சேர்க்க முடியாது என்பதில் எனக்கு ரகசிய மகிழ்ச்சி. கணவர் காலமானால், தகுதி நிபந்தனைகள் பொருந்தும் மனைவி முதிர்வு வரை கணக்கைத் தொடரலாம். மனைவிக்கு 60 ஆனதும் அவர் பெயரில் தனிக் கணக்கு ஒன்றும் தொடங்குங்கள். அது முழுக்க அவருடையது.

இப்போது அந்தத் தாளுக்குத் திரும்புங்கள். 2,250 பக்கத்தில் 10,250ஐ எழுதினால் 12,500. ஒருவர் போனால் வீட்டுச் செலவு பாதியாகாது. வாடகை அதேதான், கேஸ் சிலிண்டர் கொஞ்சம் கூடுதல் நாள் வரும், மாத்திரைச் செலவு ஏறும். 12,500 போதுமா என்பதை அவரிடமே கேளுங்கள். காய்கறி விலை அவருக்குத்தான் தெரியும்.

வங்கியும் வீடும்

சேமிப்புக் கணக்கை இருவர் பெயரிலும், 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் மாற்றுங்கள். வீடு கணவர் பெயரில் இருந்தால் மனைவிக்குத் தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் ஓர் ஆண் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு. வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்றிருந்த அம்மாள், மூன்று பிள்ளைகளின் கையெழுத்துக்குக் காத்திருப்பார். உயில் எழுத முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் போதும். ஆனாலும் பதிந்துவிடுங்கள்.

அந்த நாள் வந்தபின்

துக்க வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன். இறப்புச் சான்றிதழைப் பத்துப் பிரதிகளாவது எடுங்கள். பென்ஷன் வரும் வங்கிக்கும் பி.எஃப். அலுவலகத்துக்கும் உடனே தெரிவியுங்கள். இறந்த பின்னும் கணக்கில் ஏறிய பென்ஷனைத் திருப்பிக் கட்ட வேண்டும், ஆகவே அதைச் செலவழிக்க வேண்டாம். பென்ஷன் ஆணை, இறப்புச் சான்று, மனைவியின் ஆதார், அவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு ஆகியவற்றுடன் மனைவிக்குரிய பென்ஷனைக் கேளுங்கள். அவருக்குச் சொந்தமாகத் தொழிலாளர் பென்ஷன் வந்துகொண்டிருந்தாலும் இதையும் சேர்த்து வாங்கலாம். இனி அவர் பெயரில் தனியாக உயிர்வாழ்வுச் சான்றும் கொடுக்க வேண்டும். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனு போடுங்கள்.

என் சித்தப்பா இறந்தபின் அவருடைய பென்ஷன் ஆணையைத் தேடி, பதினாறாம் நாள் முடிந்தும் வீட்டைப் புரட்டினோம். கடைசியில் அரிசி டிரம்முக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. திருடன் எடுக்கமாட்டான் என்று அங்கே வைத்திருந்தார். சித்தியிடம்கூடச் சொல்லவில்லை. ஆகவே உங்கள் கவரை பீரோவில் வையுங்கள், சாவியை அவரிடம் கொடுங்கள், உள்ளே இருப்பதை ஒருமுறை அவர் கையாலேயே எடுத்து அடுக்கச் சொல்லுங்கள்.